சுவக்கீன் வீட்டுக் கதிர்வீச்சு

கடலோரத்து அணுமின் நிலையத்தில் விபத்து எதுவும் நடக்கவில்லை. நடக்காத அந்த விபத்தைச் சுத்தம் செய்ய ஆள் தேவைப்பட்டது. அதற்காக ஒரு வாரியம் அமைத்தார்கள். தலைவர், துணைத் தலைவர், இரண்டு ஆலோசகர்கள், புறா பறக்கிற ஒரு சின்னம், எல்லாம் ஆறே வாரத்தில் தயாராகிவிட்டன. மண்வெட்டி பிடிக்கிற ஆள் மட்டும் அகப்படவில்லை. எந்தக் கடல் என்று கேட்டுவிடாதீர்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் 'கடல்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. அதற்கு மேல் சொல்வது நாட்டுக்கு நல்லதல்லவாம்.

ஆள் பிடித்துத் தரும் வேலையைக் கொழிஞ்சாம்பாறைக் காண்ட்ராக்டர் பூபதிராஜா எடுத்தார். போர்வெல் வண்டிக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் அனுப்பிப் பழகியவர். விஷத்துக்குப் பயப்படாத மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே இடுக்கி மலையேறி ஆனைக்கரைக்கு வந்து சேர்ந்தார். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். பூபதிராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து நெடியாகவும் இருக்கலாம்.

"ஏனுங்க, இருவது வருசமா இந்த மருந்தைக் குடிச்சுப் போட்டும் கல்லாட்டம் நிக்கறீங்களே! உங்களை உட்டா அனுபவஸ்தருக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார்.

பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவர் சுவக்கீன். நாற்பத்தெட்டு வயது. மழை ஏமாற்றியதிலிருந்து தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மகள் ஷீனாவைக் கட்டப்பனையில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் இப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று மனைவி கத்தரீனாள் முதல் நாளே அறிவித்துவிட்டாள். பிள்ளை பிறக்கிற வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

வாரியத்தின் அலுவலகம் கொழிஞ்சாம்பாறையில் இருந்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைப்பது அதிகாரிகளின் உடல்நலத்துக்கு உகந்ததல்ல என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆகவே பன்னிரண்டு பேரும் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, இடுப்பு ஒடிந்து, பயிற்சிக்காக வந்து இறங்கினார்கள். பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் 'நல்வரவு' பலகையை யாரும் கழற்றவில்லை.

மேடையில் பாதுகாப்பு அதிகாரி கோகுல்நாத் பேசினார். உள்ளூர்க்காரர், படித்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"மொதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கோணுமுங்க. அபாயம் வேற, அபாயம்னு நெனைக்கறது வேற. வாரியம் ரெண்டாவதைத்தான் மொதல்ல ஒழிக்கப் போகுது. கதிர்வீச்சு எதுல இல்லீங்க? வாழைப்பழத்துல இருக்குது. வாழைப்பழம் தின்னு செத்தவங்க யாராச்சும் இருந்தாக் கையைத் தூக்குங்க பாக்கலாம்!"

யாரும் தூக்கவில்லை. கோகுல்நாத் வெற்றியோடு தண்ணீர் குடித்தார். பிறகு ஆளுக்கொரு நேந்திரம்பழம் கொடுத்துத் தின்னச் சொன்னார்கள். செய்முறைப் பயிற்சி அதோடு முடிந்தது.

சுவக்கீன் தயங்கித் தயங்கி எழுந்தார். "சார், அங்கன நாங்க என்ன வேல செய்யணும்?"

"அது ரகசியமுங்க. கூட்டறது, அள்றது, மூட்டை கட்டறது. அதுக்கு மேல கேக்காதீங்க."

கடைசியாக ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவு, சட்டையில் குத்திக்கொள்ள ஊசி. "உங்க உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்குச்சுன்னு இது காட்டிக் குடுத்துரும். இதை உசுராட்டம் காப்பாத்தோணும். தொலைச்சா வேலை போச்சு" என்றார் கோகுல்நாத். இதில் கடைசி வாக்கியம் மட்டும் பன்னிரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

இங்கே ஏலத்தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் கையுறை, முகமூடி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் அவை போடுவதற்கு அல்ல. ஏலக்காய் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் வருடத்துக்கு ஒரு முறை பார்வைக்கு வருவான். அன்று காலை எல்லாரும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். போட்டோ எடுத்ததும் கழற்றித் துடைத்து, பத்திரமாக உள்ளே வைத்துவிடுவார்கள். பூட்ஸில் சேறு பட்டால் மேஸ்திரி வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. கம்பெனி கொடுத்த சாமானை அழுக்காக்காமல் வைத்திருப்பவன்தான் நல்ல தொழிலாளி. இருபது வருடம் இப்படிப் பழகிய பன்னிரண்டு நல்ல தொழிலாளிகள், உயிரைப் போல் காப்பாற்ற வேண்டிய பேட்ஜை என்ன செய்வார்கள்? பன்னிரண்டு பேரும் அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒருவர் அரிசிப் பானையில் வைத்தார், இன்னொருவர் கிறிஸ்துமஸ் நட்சத்திரப் பெட்டியில். கத்தரீனாள் தன் வீட்டுப் பேட்ஜைத் துணி வைக்கிற தகரப் பெட்டியின் அடியில் போட்டாள்.

விஷயம் பூபதிராஜாவின் காதுக்குப் போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நெம்ப நல்லதுங்க. அதைக் குத்திட்டுப் போனா, பத்து நாள்ல 'அளவு மீறிப்போச்சு, ஆளை மாத்து'ம்பாங்க. அப்பறம் உங்களுக்கும் பொழைப்பு இல்லை, எனக்கும் இல்லை" என்றார்.

நிலையத்தில் வேலை கஷ்டமில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு தடவைக்கு ஆறு நிமிடம்தான். சங்கு ஊதினால் இடிந்த கூடத்துக்குள் ஓட வேண்டும். உடைந்த காரையையும் தூசியையும் அள்ளிச் சாக்கில் போட வேண்டும். மறு சங்கு ஊதினால் ஓடி வந்துவிட வேண்டும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஏன் நிற்கக் கூடாது என்று கேட்டதற்கு, "சோர்ந்து போயிருவீங்கன்னுதான்" என்றார்கள். ஆபத்தே இல்லாத ஓர் இடத்தில் தொழிலாளியின் களைப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற முதலாளியைச் சுவக்கீன் அதற்கு முன் பார்த்ததில்லை. வாரியம் கொடுக்க வேண்டிய வெள்ளை உடுப்பு டெண்டரில் நின்றுவிட்டது. அவரவர் காக்கிச் சட்டையும், முகத்தில் கட்டிய துண்டும்தான். வெளியே வரும் வாசலில் உடம்பில் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. முதல் வாரம் அது வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பார்த்துக் கத்தியது. எல்லாரையும் பார்த்துக் கத்தினால் கோளாறு இயந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு துணைக் குழு முடிவு செய்து, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டது.

இருபது நாள் வேலை, பத்து நாள் வீடு. வீட்டுக்கு வரும்போது அந்தக் காக்கியும் துண்டும் பையில் வந்தன. புருஷன் அழுக்குத் துணியோடு திரும்ப வேலைக்குப் போவது கத்தரீனாளுக்கு மானப் பிரச்சினை. கொல்லைக் கல்லில் அடித்துத் துவைத்து, காயவைத்து, மடித்து, அதே தகரப் பெட்டியில் வைப்பாள். மாற்று உடுப்பு இரண்டு செட் எப்போதும் அதில் கிடந்தது. ஏழாம் மாதம் ஷீனா வந்தாள். அவளுக்குக் கட்டில் போட அந்த அறையைத் தவிர வேறு அறை இல்லை. கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு நாற்காலி போடுகிற இடம்தான். பிள்ளைக்கு வேண்டுமென்று கிழித்து வைத்த பழைய மெல்லிய வேட்டித் துணிகளையும் கத்தரீனாள் அந்தப் பெட்டியில்தான் வைத்தாள்.

மூன்று மாதம் ஆனதும் பேட்ஜுகளைத் திருப்பி வாங்கிச் சோதித்தார்கள். பதினொன்றில் கதிர்வீச்சு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வாரியத் தலைவர் துள்ளிக் குதிக்காத குறைதான். அதே கல்யாண மண்டபத்தில் விழா எடுத்து, பதினொரு பேருக்கும் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார். "இடிந்த அணு உலைக்குள் மூன்று மாதம் வேலை செய்தவர்கள் ஒரு துளிக் கதிர்வீச்சும் வாங்காமல் திரும்பியிருக்கிறார்கள். இது விஞ்ஞானத்துக்கே புரியாத சாதனை. நமக்கு மட்டும்தான் புரியும்!" என்று அவர் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது.

பன்னிரண்டாவது பேட்ஜ் எக்கச்சக்கமாகக் காட்டியது. அந்த அளவைக் குறிப்பிட்டு, அதன் சொந்தக்காரரைத் தனியாக வரச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். மறுபடியும் கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி.

"சுவக்கீன், வாரியத்தோட சராசரியையே கெடுத்துப் போட்டீங்களே!" என்றார் கோகுல்நாத். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "மத்த பதினோரு பேரும் அதே எடத்துலதானே நின்னாங்க? நீங்க மட்டும் அப்படி என்னத்தைத் தொட்டீங்க?"

சுவக்கீனுக்குப் பொய் சொல்லி வராது. "சார், நான் பேட்ஜ போடவே இல்ல. வீட்டுல பெட்டிக்குள்ள வச்சிருந்தோம். தொலைஞ்சா வேல போயிரும்னீங்கல்ல."

கோகுல்நாத் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்த மனிதனைத் திட்டப்போகிறார் என்று நினைத்தால், அவர் முகம் விடிந்துவிட்டது. "அப்படீன்னா இது நிலையத்துல வாங்குனதில்லை?"

"இல்ல சார். வீட்டுலதான் கெடந்துச்சு."

"அப்பக் கதிர்வீச்சு நிலையத்துல இல்லீங்க. உங்க ஊட்டுல இருக்குது!"

சுவக்கீன் பதறிப்போனார். "சார், அந்தப் பெட்டியில வேலத்துணி இருந்துச்சு. அங்கன உள்ள தூசிதான் துணியில ஒட்டி வந்திருக்கு. மத்தவங்களும் துணியக் கொண்டாந்தாங்க சார், அவங்க பேட்ஜ் வேற எடத்துல கெடந்ததால தெரியல. அவங்க வீட்டையும் பாக்கச் சொல்லுங்க."

"அவங்க ஊடு சுத்தமுங்க. கடிகாரமே குடுத்தாச்சு" என்றார் கோகுல்நாத்.

"எம் மக அந்த ரூம்ல படுத்திருக்கா சார். ஏழு மாசம். அவளுக்கும் வயித்துப் பிள்ளைக்கும் ஏதாச்சும் ஆயிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." சட்டைப்பையிலிருந்து, வரும் வழியில் பஸ்ஸிலேயே எழுதிய அபேட்சை மனுவை எடுத்து மேசையில் வைத்தார்.

கோகுல்நாத் அதை மரியாதையாகப் படித்தார். "பரிசோதனை வாரிய ஊழியருக்கு மட்டும்தானுங்க. உங்க பொண்ணு ஊழியர் இல்லையே."

பக்கத்தில் நின்றிருந்த பூபதிராஜாவுக்கு இரக்கம் வந்தது. "ஒரு நாளைக்கு அந்தப் புள்ளை பேரை என்ற லிஸ்டுல ஏத்திப் போடறனுங்க" என்றார். விண்ணப்பப் பாரத்தை எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. ஏன் என்றால், அவர்களுக்குக் கதிர்வீச்சு ஆகாது. கோகுல்நாத் அந்த வரியை வாய்விட்டே படித்தார். "பாருங்க, வாரியத்துக்குக் கர்ப்பிணிங்க மேல எவ்வளவு அக்கறைன்னு!"

சுவக்கீன் ஊர் திரும்புமுன் வாரியம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டைச் சுற்றி மஞ்சள் நாடா, முற்றத்தில் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. ஒரே நாளில் இரண்டு உத்தரவு வந்தது. வீட்டில் இருப்பவர்கள் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்றது முதலாவது. அவர்கள் வெளியேறினால் ஊரில் கதிர்வீச்சு பரவும், ஆகவே ஓர் அடி வெளியே வைக்கக் கூடாது என்றது இரண்டாவது. இரண்டையும் ஒரே ஆள் கொண்டுவந்து, இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நல்லவேளையாக, சமையலறைக்கு வரும்போது நாடா தீர்ந்துபோயிருந்தது. நாடா இல்லாத இடத்தில் கதிர்வீச்சும் இல்லை என்பதால், ஷீனா அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள்.

வீட்டைச் சுத்தம் செய்கிற காண்ட்ராக்ட் பூபதிராஜாவுக்கே கிடைத்தது. ஆபத்தான இடத்தில் வேலை செய்து பழகிய ஆள் வேண்டும் என்று நிபந்தனை. பொன்னாடை வாங்கிய பதினொரு பேரும் ஆபத்தையே பார்த்ததில்லை என்று வாரியமே சான்றிதழ் கொடுத்திருந்ததால், தகுதியுள்ளவர் ஒருவர்தான் மிஞ்சினார். சுவக்கீன் தம் வீட்டைத் தாமே கூலிக்குச் சுத்தம் செய்ய நியமிக்கப்பட்டார். வீட்டைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டினார். கத்தரீனாள் வளர்த்த நாற்பது தூர் ஏலச்செடியைப் பிடுங்கினார், துவைக்கிற கல்லை உடைத்தார், தகரப் பெட்டியைச் சாக்கில் கட்டினார். சமையலறைக்கு மாற்றிய நாலைந்து சாமானைத் தவிர, அந்த வீட்டில் வாழ்ந்ததற்கு ஒரு அடையாளம் பாக்கியில்லை. சாக்குகளை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று லாரிக்காரனிடம் கேட்டார். "நிலையத்துக்குத்தான். அங்கதான் கதிர்வீச்சே இல்லையாமே, இடம் சும்மா கெடக்கு" என்றான் அவன்.

சுவக்கீனுக்கு மண் பெரிதில்லை, செடியும் பெரிதில்லை. ஷீனா ராத்திரி பகல் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா என்று பார்த்தபடியே கிடந்தாள். அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. மறுபடியும் நாலு பஸ் ஏறினார். அபேட்சைகள் ஆறாகிவிட்டன.

இந்த முறை கோகுல்நாத்திடம் ஒரு வழி இருந்தது. "பொதுமக்கள் யாராச்சும் தனியார் ஒருத்தரால பாதிக்கப்பட்டா, வாரியம் கருணையடிப்படையில பரிசோதிக்கலாம்னு விதி இருக்குதுங்க. நீங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

சுவக்கீன் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'என் வீட்டில் காணப்பட்ட கதிர்வீச்சுக்கும் நிலையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது முழுக்க முழுக்க என் பொறுப்பில் உண்டானது. என் மகளுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்திருந்தால் அதற்குக் காரணம் நானே.' படித்து முடித்தபோது அவருக்கு அந்த மேசையைத் தூக்கி வீசலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் மேசையை வீசினால் ஏழாவது அபேட்சையை வைக்க இடம் இருக்காது.

"போடுறேன் சார். எம் பிள்ளைய பாத்துட்டா போதும்" என்று போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் வாரியத்தின் பரிசோதனை வண்டி ஆனைக்கரைக்கு வந்தது. பின்னாலேயே காரில் கோகுல்நாத். நாடாவுக்கு வெளியே, பாதை ஓரத்துப் பலாமர நிழலில், பத்தடி தள்ளி நின்றுகொண்டார். மலைப் பாதையில் நாலு மணி நேரம் வளைந்து வந்ததில் அவருக்குத் தலை சுற்றியது. வந்தவரை நிற்க வைத்துப் பேசுகிற வழக்கம் கத்தரீனாளுக்கு இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். யார் வீட்டு நாற்காலி என்று கேட்கத் தோன்றாமல் அவர் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

ஷீனாவை வண்டிக்குள் உட்காரவைத்து, கருவியை மேலும் கீழும் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் ஒரு காகிதம் வந்தது. கோகுல்நாத் அதை வாங்கிப் படித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"நான் அப்பவே சொன்னனில்லீங்க? அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளதான் இருக்குது. பயப்பட ஒண்ணுமே இல்லை. இந்தளவு கதிர்வீச்சுல யாரு வேணா இருக்கலாமுங்க."

சுவக்கீன் கும்பிடக் கையெடுத்தார். கத்தரீனாள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இந்த அளவு யாருக்கு சார்?"

"பதினெட்டு வயசு முடிஞ்ச ஊழியருக்குங்க. உங்க பொண்ணுக்குத்தான் இருபத்திமூணு ஆச்சே."

"வயித்துல இருக்கதுக்கு?"

கோகுல்நாத் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வாரியச் சின்னத்துப் புறா மட்டும்தான் இருந்தது. "அதுக்கு அளவு வேறதானுங்க. நெம்பக் கம்மி. ஆனா அதைத் தனியாப் பாக்கோணும். பேரு, வயசு, ஆதார் இல்லாம ஃபைல் திறக்க முடியாது."

"இப்பப் பாத்தாதான சார் என்னமாச்சும் செய்யலாம்?"

"விதி அப்படிங்க, நான் என்ன பண்ணட்டும்? பொறக்கட்டும். பொறந்ததும் நேர்ல வந்து ஒரு அபேட்சை குடுக்கச் சொல்லுங்க."

ஷீனா வண்டியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கத்தரீனாள் அதிகாரியின் அருகில் வந்து, விருந்தாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"குடுக்கச் சொல்றேன் சார். அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க இதுலயே உக்காந்திருங்க. எம் மக கட்டிலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல கெடந்த நாற்காலிதான் இது."

கோகுல்நாத் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அவர் கார் வரைக்கும் ஓடினார், இரண்டு கையாலும் பேண்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே ஓடினார். அனுமதிக்கப்பட்ட அளவுக் காகிதம் பலாமரத்தடியில் விழுந்து கிடந்தது. கார் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயிருந்து அவர் ஏதோ சொன்னார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை.